சென்னியம்மாளின் முறை

பந்தலடியில் தப்புமேளத்தின் முதல் அடி விழுந்ததும் செவலைக் கன்று முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. அதன் கழுத்தில் எண்பத்திரண்டு முத்து கோத்த மாலை கிடந்தது.

சௌந்திரம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னால் ஓடினாள். ஐம்பத்தாறு வயதில் ஓட்டம் அழகாக இருக்காது. எழவுக்கு வந்த ஒறம்பரைச் சொந்தமெல்லாம் வாசலில் நின்று பார்த்தார்கள். ஆசாரத்துக் கூடத்தில் நாத்தனார் செத்துக் கிடக்கிறாள், இவள் கன்றுக்குட்டியைத் துரத்திக்கொண்டு உழுது போட்ட காட்டுக்குள் ஓடுகிறாள்.

"புடிங்க! யாராச்சும் அதப் புடிங்க! முத்து போவுது!"

கன்று சோளத்தட்டுப்போரை இரண்டு வட்டம் சுற்றியது. மூன்றாவது வட்டத்தில் எதிரே காளியாத்தாள் கைகளை விரித்துக்கொண்டு நின்றாள். பக்கத்து வீட்டுக்காரி, அறுபது வயது, பெருத்த உடம்பு. கன்று நேராக அவள் வயிற்றில் முட்டியது. முட்டிய வேகத்தில் கன்றும் அவளும் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"ஒரே நாள்ல ரெண்டு எழவாக்கப் பாக்குது உன்ற கன்னுக்குட்டி," என்றாள் காளியாத்தாள், தரையில் இருந்தபடியே கன்றின் காதைப் பிடித்துக்கொண்டு. "மாலையப் பாரு மொதல்ல."

மாலை ஒரு இடத்தில் அறுந்திருந்தது. ஆனால் சிதறவில்லை. ஒவ்வொரு முத்துக்கும் நடுவே ஒரு முடிச்சு இருந்தது. சௌந்திரம் மூச்சு வாங்கிக்கொண்டே விரலால் தள்ளித் தள்ளி எண்ணினாள். எண்பத்தொன்று.

"ஒண்ணுதான் போயிருக்குதுக்கா."

"சென்னியம்மா போட்ட முடிச்சல்ல. செத்தும் காவல் காக்கறா பாரு."

இரண்டு பேரும் காட்டில் உட்கார்ந்து சிரித்தார்கள். வாசலில் நின்ற வெளியூர் ஒறம்பரை முகத்தைத் திருப்பிக்கொண்டது.

முத்து எதற்குக் கன்றின் கழுத்தில் இருந்தது என்று உள்ளூரில் யாரும் கேட்கமாட்டார்கள். இந்த வாரம் அதன் முறை.

சென்னியம்மாள் பத்தொன்பது வயதில் தாலியறுத்தவள். சங்ககிரிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். காலராவில் புருஷன் போனான். காதிலும் கழுத்திலும் இருந்ததைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். அவர்கள் கொடுமைக்காரர்கள் இல்லை, எல்லா வீட்டிலும் அப்படித்தான் செய்தார்கள். பிள்ளை இல்லை. அப்பன் வண்டி கட்டிப் போய் ஜேடர்பாளையத்துப் பக்கத்திலிருக்கும் இந்த ஊருக்குத் திரும்ப அழைத்து வந்தார். வெள்ளைச் சேலையோடு வந்தவள் ஐம்பத்திரண்டு வருஷம் பிறந்த வீட்டிலேயே இருந்தாள். முதல் ஆறு வருஷம் யாரோடும் பேசாமல் எருமை கறந்தாள்.

ஏழாவது வருஷம், நெய் கொடுக்கப் போன இடத்தில், அர்த்தநாரி ஆசாரியின் உமிச்சட்டி ஓரத்தில் ஒரு ஜோடிக் கொப்பைப் பார்த்தாள். மேல்காதில் போடுவது. அழித்துப் புதுசு செய்ய யாரோ கொடுத்திருந்தார்கள். மூன்று தலைமுறைக் காதில் கிடந்து விளிம்பெல்லாம் மழமழவென்று ஆகியிருந்தது. ஆசாரி அதை இடுக்கியால் எடுத்தபோது சென்னியம்மாள் இடுக்கியைப் பிடித்துக்கொண்டாள்.

"எறக்கி வைங்க. இத நா எடுத்துக்கறேன்."

"எதுக்கும்மிணி? நீ போட முடியுமா?"

"போடறதுக்கு இல்லீங்க. பாக்கறதுக்கு."

அன்றைக்குத் தொடங்கியது. அந்த வட்டாரத்தில் அழிக்க வரும் பழசு எதுவானாலும் ஆசாரி முதலில் அவளுக்குச் சேதி சொல்லி அனுப்புவார். நெய்யெல்லாம் நகையாக மாறியது. கெம்பு அட்டிகை, நாகம் படமெடுத்த வங்கி, முருகு, புல்லாக்கு, பவளச்சரம், கடைசியில் இந்த முத்துமாலை. ஊர் சிரித்தது. காவி கட்டியவன் ஆட்டுப்பட்டி வைத்த மாதிரி என்றார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை, பேச்சையும் சரி, நகையையும் சரி.

பழைய நகையைப் பார்த்துக்கொள்வது பச்சைப்பிள்ளையைப் பார்த்துக்கொள்வது மாதிரி என்பாள் சென்னியம்மாள். பச்சைப்பிள்ளையை அவள் பார்த்துக்கொண்டதில்லை. தங்கத்துக்குப் பூந்திக்கொட்டை நுரை, மென்று பஞ்சாக்கிய ஆலங்குச்சி நுனி. கெம்புக்கு ஈரமே கூடாது, வெந்நீர் ஆகவே ஆகாது, கல்லுக்கு அடியில் அரக்கு இருக்கிறது, இளகினால் கல் கழன்றுவிடும். துவைத்துத் துவைத்து மெலிந்த பழைய வேட்டித் துணியால்தான் துடைக்க வேண்டும். முத்தை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை புதுநூலில் கோப்பாள். கோத்த மாலையின் நீளம் சரியா என்று பார்க்கத் தன் கழுத்தில் வைக்கமாட்டாள். கட்டுத்தறிக்குப் போய்க் கன்றின் கழுத்தில் வைத்துப் பார்ப்பாள்.

ஒரு வருஷம் முத்து மங்க ஆரம்பித்தது. ஆசாரி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மேலு படாமக் கெடந்தா முத்து செத்துப்போகும் அம்மிணி. யாராச்சும் போட்டுக்கோணும்."

அவள் மறுநாளே அண்டை வீட்டுப் பெண்களைக் கூப்பிட்டுவிட்டாள். வெள்ளிக்கு வெள்ளி முறை. ஒரு வாரம் ஒருத்தி கழுத்தில் முத்து, இன்னொருத்தி காதில் கொப்பு. முத்துக்குச் சொன்னது தங்கத்துக்கும் பொருந்துமா என்று ஆசாரியிடம் அவள் கேட்கவில்லை. கொல்லைக்குப் போகும்போதும் காட்டில் களை எடுக்கும்போதும் போட்டுக்கொள்ளலாம். குளிக்கும்போது மட்டும் கழற்றிவிட வேண்டும். எண்ணெய் ஆகாது. சண்டை போட்டால் போட்ட நகையோடு தாராளமாகப் போடலாம், முடியைப் பிடிக்கக்கூடாது, அவ்வளவுதான்.

அவளுக்கு எழுத்துத் தெரியாது. யாருக்கு முறை என்று நினைவு வைக்க ஒரு சுருக்குப்பையில் ஆளுக்கொரு விதை போட்டு வைத்திருந்தாள். காளியாத்தாளுக்கு ஆமணக்கு. சௌந்திரத்துக்குப் பருத்திக்கொட்டை. கை விட்டு எடுப்பாள், எந்த விதை வருகிறதோ அவளுக்கு அந்த வாரம் முத்து. எடுத்த விதை கொட்டாங்குச்சிக்குப் போகும். பை காலியானால் மறு சுற்று.

காளியாத்தாள் ஒரு தீபாவளிக்குக் கெம்பு அட்டிகையோடு எண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளித்துவிட்டாள். மூன்று கல் அண்டாவுக்குள் போயின. சென்னியம்மாள் திட்டவில்லை. ஆமணக்கு விதையைப் பையிலிருந்து எடுத்து வீதியில் வீசினாள். அதற்குப் பதிலாக ஒரு கொள்ளு விதையைப் போட்டாள்.

"இது யாருதுங்க நங்கையா?" என்று நாத்தனாரைக் கேட்டாள் சௌந்திரம்.

"கன்னுக்குட்டியுது. அது வெந்நியில குளிக்காது."

ஒரு வருஷம் கழித்துக் காளியாத்தாளைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். கொள்ளு பையிலேயே தங்கிவிட்டது. ஒரு கன்று வளர்ந்தால் அடுத்த கன்று.

சௌந்திரம் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்து நாற்பது வருஷம் ஆகப் போகிறது. அத்தனை வருஷத்தில் நாத்தனாரிடம் அவள் அந்தக் கேள்வியை ஒரே ஒரு முறைதான் கேட்டாள். அதுவும் போன வெள்ளிக்கிழமை. சென்னியம்மாள் கட்டிலில் கிடந்தாள், கஞ்சி இறங்கவில்லை. பையில் கை விட்டுப் பருத்திக்கொட்டையை எடுத்தாள். சௌந்திரத்துக்குச் சித்திரை வெயிலில் கழுத்தெல்லாம் வேர்க்குரு.

"எரியுமே உனக்கு. கன்னுக்கே போட்டுரு. இன்னொரு வாரம் இருந்துட்டுப் போகுது."

"ஏனுங் நங்கையா, நீங்க ஒருக்காக்கூடப் போட்டுப் பாக்கலியே. ஆசையே இல்லீங்களா?"

சென்னியம்மாளுக்குப் பல் இல்லை. சிரித்தால் முகம் முழுக்கச் சிரிக்கும்.

"என்ற மொறை கடேசில வருது. பைக்குள்ள என்றதும் கெடக்குதல்லோ. நீ பாத்ததில்ல."

புதன்கிழமை விடிகாலையில் அவள் போனாள். வாய்க்கு நீர் கேட்டாள், குடித்தாள், போதும் என்றாள். உண்மையிலேயே போதும் என்றுதான் அவள் முகம் இருந்தது. சௌந்திரம் கொஞ்சம் அழுதுவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு சுருக்குப்பையை மடியில் கவிழ்த்தாள். ஒரு குன்றிமணி விழுந்தது. அதைப் பல சுற்றாக அவளுக்குத் தெரியும். கையில் அகப்படும்போதெல்லாம் "அவன் ஊருல இல்ல, வரட்டும்" என்று நாத்தனார் திரும்பப் பைக்குள் போட்டுவிடுவாள். எவன் என்று சொன்னதில்லை. வேறு ஒன்றும் விழவில்லை. பையை உள்பக்கம் வெளியே திருப்பினாள். மூலைத் தையலில் ஒரே ஒரு எள் சிக்கிக்கொண்டிருந்தது.

கையால் துழாவினால் அகப்படாத விதை. ஒவ்வொரு சுற்றிலும் அது அங்கேதான் இருந்திருக்கிறது.

பாடை எடுப்பதற்குள் அந்த முத்தை நாத்தனார் கழுத்தில் போட்டுவிடுவது என்று சௌந்திரம் அப்போதே முடிவு கட்டினாள். அதற்குத்தான் கட்டுத்தறிக்குப் போனாள். அதற்குள் தப்பு அடித்துவிட்டார்கள்.

கொள்ளி வைக்க வேண்டியவன் மயில்சாமி. சென்னியம்மாளின் கொழுந்தன் மகன். பிள்ளையில்லாதவளுக்குப் புருஷன் வீட்டு ஆள்தான் வைக்க வேண்டும். சங்ககிரியிலிருந்து கரி பஸ்ஸில் வந்தான். யுத்தம் வந்து பெட்ரோல் போனதிலிருந்து பஸ் முதுகில் அடுப்பைக் கட்டிக்கொண்டுதான் ஓடுகிறது. மேடு வந்தால் ஓடுவதும் இல்லை. பதினொரு மணிக்கு வந்திருக்க வேண்டியவன் இரண்டு மணிக்கு முகமெல்லாம் கரியோடு வந்தான். முறுக்கிய மீசையில்கூடக் கரி.

"நாலு மேட்டுல எறங்கித் தள்ளுனனுங்க மாமா," என்றான் அப்புசாமியிடம். "டிக்கெட்டும் குடுத்துத் தள்ளவும் தள்ளி."

அப்புசாமி, சௌந்திரத்தின் புருஷன், செத்தவளின் தம்பி. யாரோடும் மல்லுக்கு நிற்காத மனுஷன். "வெய்யிலுங்க மாப்பளை," என்று மட்டும் சொன்னார்.

மயில்சாமி ஆசாரத்துக்குள் நுழைந்தான். பெரியம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டான். எழுந்து சுற்றிலும் பார்த்தான். காளியாத்தாள் காதில் கொப்பு. அவள் மருமகள் கழுத்தில் கெம்பு அட்டிகை. கோடிவீட்டுக் கந்தம்மாளின் கையில் நாகவங்கி.

"இது எழவு ஊடா, கல்யாண ஊடா?"

"வெள்ளிக்கெழம வரைக்கும் எங்க மொறை," என்றாள் கந்தம்மாள். "கழட்டுனா அவளே எந்திரிச்சு வந்து கேப்பா."

யாரோ சிரித்தார்கள். மயில்சாமி சிரிக்கவில்லை. சௌந்திரம் அறுந்த நூலை முடிச்சிட்ட முத்துமாலையோடு நாத்தனாரின் தலைமாட்டில் குனிந்ததை அவன் பார்த்துவிட்டான்.

"என்னங்கத்தை பண்றீங்க?"

"முத்துப் போடறனுங்க மாப்பளை. இன்னைக்கு இவங்க மொறை."

"தாலியறுத்தவ மேல முத்தா? அம்பது வருசம் வெள்ளச்சீலையோட மரியாதையா இருந்த பொம்பளைங்க. போற நாள்ல ஊரு சிரிக்கோணுமா?"

"ஊரு காலைல இருந்து சிரிச்சுக்கிட்டுத்தான் கெடக்குது மயிலு," என்றாள் காளியாத்தாள். "என்னைய வந்து ஒரு கன்னுக்குட்டி முட்டிச்சு, நீ பாக்கோணுமே."

"வெளையாட்டு இல்லீங்க. அத மேல போட்டீங்கன்னா நா கொள்ளி வெக்கமாட்டேன். வந்த பஸ்ஸுக்கே திரும்பீருவேன்."

"போ. அதத் தள்ளறதுக்கும் ஆளு வேணுமல்லோ."

இதற்கு யாரும் சிரிக்கவில்லை. கொள்ளி வைக்க ஆள் இல்லாவிட்டால் பிணம் கிடக்கும். சித்திரை வெயிலில் எவ்வளவு நேரம் கிடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அப்புசாமி தரையைப் பார்த்தார். சௌந்திரம் மாலையைக் கைக்குள் சுருட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

மயில்சாமி தான் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்து மீசையைத் துடைத்தான்.

உள்ளே பெட்டியின் மேல் பிறந்த வீட்டுக் கோடி இருந்தது. ஜலகண்டாபுரத்து வெள்ளைச் சேலை, மடிப்புக் கலையாதது. தம்பி தலைமேல் வைத்துக் கொண்டுவர வேண்டும், தம்பி பெண்டாட்டி விரிக்க வேண்டும். விரித்த பிறகு பாடை இறங்கும் வரை அதன்மேல் புருஷன் வீட்டார் கை வைக்கக்கூடாது. கட்டிக்கொடுத்த நாளிலிருந்து எல்லாமே அவர்கள் பாத்தியதை, இந்த ஒரு சேலையைத் தவிர. சௌந்திரம் சேலையின் மேல்மடிப்பைப் பிரித்தாள், முத்துமாலையை நீள வாக்கில் வைத்தாள், மூடினாள். அப்புசாமி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடுங்க," என்றாள்.

அவர் எடுத்துத் தலைமேல் வைத்துக்கொண்டார். சேலையைச் சுமக்கத் தேவையானதைவிடக் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தார்.

தப்பின் அடி மாறியது. கூட்டம் விலகியது. சௌந்திரம் கோடியை நாத்தனாரின் மார்பின் மேல் வைத்து, தலைப்பக்க மடிப்பை மெல்ல இழுத்தாள். முத்துகள் வழுக்கி வந்து மோவாய்க்குக் கீழே வளைந்து நின்றன. எழுபத்தொரு வயதுக் கழுத்தில் அது நன்றாகவே இருந்தது.

"அத்தே!"

"பொறந்த ஊட்டுக் கோடிங்க மாப்பளை," என்றாள் சௌந்திரம், நிமிராமலே. "இதுல கை வெக்கறது உங்க மொறை இல்லீங்க."

மயில்சாமி துண்டை உதறித் தோளில் போட்டான். செருப்பைத் தேடினான். தப்பு நின்றுவிட்டது. அவன் ஒரு செருப்பை மாட்டி மற்றதற்குக் காலை நீட்டியபோது காளியாத்தாள் குரல் கொடுத்தாள்.

"சௌந்திரம், அந்தப் பையில இன்னொண்ணு இருந்துதுன்னு சொன்னியே. என்னது அது?"

"குன்றிமணிக்கா."

"குன்றிமணியா?" காளியாத்தாள் எழுந்து வந்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டே. "இன்னும் வெச்சிருந்தாளா? ஏப்பா மயிலு, அது உன்றதப்பா."

அவன் திரும்பினான்.

"சௌந்திரம் கல்யாணமாகி வரதுக்கு முந்துன வருசம். உங்கம்மா பிரசவத்துக்குப் போயிருந்தா, உன்னக் கொண்டாந்து இங்க உட்டுட்டாங்க. அஞ்சு வயசு. எல்லாப் பொம்பளைகளும் போடறாங்க, எனக்கும் வேணும்னு பொரண்டு அழுத. சென்னியம்மா ஒரு குன்றிமணிய எடுத்துப் பையில போட்டா. மூணு நாளு, கோமணமும் முத்துமாலையுமா வீதியில திரிஞ்சயே, ஞாபகமில்ல? நாலா நாளு உங்கப்பன் வந்து கழட்டி எறிஞ்சுட்டுத் தூக்கிட்டுப் போனாரு. நீ போட்ட சத்தத்துல எங்கூட்டு மாடு கயித்த அறுத்துருச்சு."

கூட்டத்தில் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பொத்தியும் அடங்கவில்லை.

சௌந்திரம் மடியிலிருந்து சுருக்குப்பையை எடுத்து, அவன் உள்ளங்கையில் அந்தக் குன்றிமணியை வைத்தாள். "வார வாரம் கையில வரும். அவன் ஊருல இல்ல, வரட்டும்பாங்க. யாருன்னு எனக்கே இப்பத்தான் தெரியுது."

நாற்பது வருஷம் பையில் கிடந்ததில் அதன் கறுப்பு முனை தேய்ந்திருந்தது. மயில்சாமி அதை விரலால் உருட்டினான். மீசை ஒருமுறை அசைந்தது. வாசலில் தப்புக்காரர்கள் தோலைக் காய்ச்சத் தீயை மூட்டிக்கொண்டு அவன் முகத்தையே பார்த்தார்கள்.

"தண்ணி படக்கூடாதல்லங்கத்தை அந்த முத்துக்கு?" என்றான் கடைசியில்.

"படவே கூடாதுங்க."

"தீ வெக்கறதுக்கு முன்னால கழட்டிக்கறேன்." மாட்டிய செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். "ம், அடிங்கப்பா. பொழுது போகுது."

அப்புறம் அது எழவு மாதிரியே இல்லை. பாடையைத் தூக்கியதும் காளியாத்தாள் கொப்பு ஆட முன்னால் ஆடினாள். கந்தம்மாள் வங்கியைத் தூக்கிக் காட்டிக்கொண்டு ஆடினாள். சென்னியம்மாள் வெயிலில் முத்து பளபளக்க வீதிவழியாகப் போனாள். பார்த்தவர்கள் எல்லோரும் பார்க்கட்டும் என்று தூக்கியவர்களும் மெதுவாகவே போனார்கள். ஊர் எல்லைப் புளியமரத்தடியில் பெண்கள் நின்றார்கள். அதற்கு மேல் ஆண்கள் மட்டும் காவிரிக்கரைக்கு.

சௌந்திரம் வீட்டுக்கு வந்து ஆசாரத்தைக் கழுவிவிட்டாள். கன்றுக்குத் தண்ணி காட்டினாள். அது ஓடிய தடத்தில் கொஞ்ச நேரம் குனிந்து தேடினாள். முத்து அகப்படவில்லை. போகட்டும் என்று விட்டுவிட்டாள். எள்ளை எடுத்துக் கொட்டாங்குச்சியில் போட்டாள்.

பொழுது சாய ஆண்கள் ஆற்றிலிருந்து திரும்பினார்கள். மயில்சாமி முன்னால் வந்தான். தலை மொட்டை, மீசையும் இல்லை. இடுப்பு வேட்டியிலிருந்து நீர் சொட்டி வழியெல்லாம் கோடு விழுந்திருந்தது. முத்துமாலை அவன் கழுத்தில் கிடந்தது.

"கையில வெச்சிருந்தா எங்காச்சும் நழுவீருமுங்கத்தை. அதான்," என்றான்.

சௌந்திரம் கையை நீட்டவில்லை. காளியாத்தாள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், சௌந்திரம் அவள் காலை மிதித்தாள்.

"வெள்ளிக்கெழம குடுத்தாப் போதுமுங்க மாப்பளை," என்றாள்.

அவன் தலையாட்டிவிட்டு, கால் கழுவத் தொட்டிப் பக்கம் போனான். உடம்பு முழுக்கக் காவிரி ஒழுகிக்கொண்டிருந்தது. கழுத்தை மட்டும் நன்றாகத் துடைத்துக் காயவைத்திருந்தான்.